லண்டனில் ஒரு ஞாயிறு: நான்கு பூங்காக்களைக் கடந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு

முதல் தடவை நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு ஞாயிறு காலை, கழுத்தில் கேமராவும் கையில் பார்க்க வேண்டிய கல்லறைகளின் பட்டியலுமாக, அரசர்கள் முடிசூடும் பழைய தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபே வாசலில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஆராதனைக்கு மட்டும்தான் திறந்திருக்கும் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அவர்கள் இணையதளத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள், பார்க்காதது நான். முகம் தொங்கிப்போய் நின்றவனிடம் வாசலில் இருந்தவர், பிற்பகல் மாலை ஆராதனைக்கு வரச் சொன்னார். கட்டணம் உண்டா என்று கேட்டேன். ஆராதனைக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை என்றார்.

அன்றைக்குப் போனதுதான். இப்போது ஊரிலிருந்து யார் வந்து கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமையை இப்படித்தான் வகுத்துக் கொடுக்கிறேன்: காலை முழுக்கப் பூங்காக்கள், பிற்பகல் அபே. வார நாளில் முப்பது பவுண்டு அளவில் டிக்கெட் எடுத்து, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு நகர்ந்து பார்ப்பது ஒரு விதம். அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பது இன்னொரு விதம். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கென்சிங்டன் கார்டன்ஸ், ஹைட் பார்க், கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நகரத்தின் நடுவிலேயே ஐந்தாறு கிலோமீட்டரைப் பெரும்பாலும் மரநிழலில் நடந்து முடித்துவிடலாம். வழி மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. காலை வெயில் முகத்தில் அடிக்குமே என்று கவலைப்பட வேண்டாம், அது லண்டன் வெயில்.

போகும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் அபேயின் இணையதளத்தில் அந்த வாரத்து ஆராதனை நேரங்களைப் பாருங்கள். ஞாயிறு மாலை ஆராதனை, அதாவது ஈவன்சாங், வழக்கமாகப் பிற்பகல் 3 மணிக்கு. ஏதாவது சிறப்பு ஆராதனை இருந்தால் நேரம் மாறும், சில நாள் பொதுமக்களுக்கு இடமே இருக்காது. யார் பாடுகிறார்கள் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அபேயின் சொந்தப் பாடற்குழு பள்ளிப் பருவத்தில் மட்டுமே பாடும். ஆகஸ்டில் போனால் பெரும்பாலும் வெளியூர்ப் பாடற்குழுதான். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தெரிந்து போவது நல்லது.

அடுத்து ரயில். லண்டனில் தண்டவாளப் பராமரிப்பை வார இறுதியில் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் நம்பியிருக்கும் வழித்தடம் அன்று ஓடாமலே போகலாம். முந்தின நாள் இரவு போக்குவரத்துத் துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டாம்; தட்டிச் செல்லும் வங்கி அட்டையோ, லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரோ போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள்.

மூன்று சமயங்களில் இந்தத் திட்டத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஏப்ரலில் மாரத்தான் நடக்கும் ஞாயிறு. ஓட்டம் முடியும் இடமே பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னால் உள்ள மால் சாலைதான். நவம்பர் இரண்டாம் ஞாயிறு, போரில் இறந்தவர்களின் நினைவு நாள். அபேயைச் சுற்றிய தெருக்களில் பாதி மூடியிருக்கும். நவம்பர் பாதியிலிருந்து புத்தாண்டு வரை ஹைட் பார்க்கின் ஒரு பகுதியைக் குளிர்காலப் பொருட்காட்சி எடுத்துக்கொள்ளும். நடக்கலாம், அமைதியை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

பெரிய பெட்டி, பெரிய முதுகுப்பை வேண்டாம். அபே வாசலில் பையைச் சோதிப்பார்கள், பெரியதாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். மடக்குக் குடை, தண்ணீர், மெல்லிய கம்பளி மேலாடை, நல்ல காலணி. அவ்வளவுதான்.

காலை: லங்காஸ்டர் கேட்டிலிருந்து

ஒன்பது மணிவாக்கில் லங்காஸ்டர் கேட் நிலையத்தில் இறங்குங்கள். சாலையைத் தாண்டினால் கென்சிங்டன் கார்டன்ஸ். உள்ளே நுழைந்ததும் நீரூற்றுகளும் கல் ஜாடிகளுமாக இத்தாலியப் பாணித் தோட்டம் ஒன்று இருக்கும். 1860 வாக்கில் இளவரசர் ஆல்பர்ட் விக்டோரியா ராணிக்காக அமைத்தது. ஐந்து நிமிடம் போதும்.

அங்கிருந்து நீர்நிலையை ஒட்டியே தெற்கே நடங்கள். தலைக்கு மேலே பழக்கப்பட்ட சத்தம் ஒன்று கேட்கும். அண்ணாந்து பார்த்தால் பச்சைக்கிளிகள்! நம் ஊர் மாந்தோப்புகளில் கூட்டமாகக் கத்துகிற அதே செந்தார்ப் பைங்கிளி. வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, இன்றைக்கு லண்டன் பூங்காக்களைக் கைப்பற்றிவிட்டன. ஆப்பிள் துண்டைக் கையில் பிடித்தால் தோளில் வந்து உட்காரும். பலர் அப்படிப் படம் எடுப்பதைப் பார்ப்பீர்கள். பூங்கா நிர்வாகம் தீனி போட வேண்டாம் என்கிறது, நானும் அதையே சொல்கிறேன்.

நீர்நிலைக்குக் குறுக்கே சர்பன்டைன் பாலம். அதற்கு மேற்கே கென்சிங்டன் கார்டன்ஸ், கிழக்கே ஹைட் பார்க். இந்த ஏரி இயற்கையானது அல்ல. 1730இல் கரோலின் ராணி வெஸ்ட்போர்ன் என்ற சிற்றாற்றை அணைகட்டித் தேக்கச் சொன்னதில் உண்டானது. பாலத்தைத் தாண்டியதும் தென்கரையில் டயானா நினைவு நீரூற்று, 2004இல் திறந்தது. நீரூற்று என்றதும் மேலே பீய்ச்சி அடிக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். புல்தரையில் படுத்திருக்கும் ஒரு பெரிய கல் வளையம். மேல் முனையில் புறப்படும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் படிகளில் குதித்தும் மறு பக்கம் மெதுவாக வழிந்தும் ஓடி, கீழே ஒரு அமைதியான குட்டையில் சேர்கிறது. விளிம்பில் உட்கார்ந்து காலை நனைக்கலாம், இறங்கி நடக்கக் கூடாது. இதுவரை நடந்த கால்களுக்கு இதுதான் முதல் ஓய்வு.

பேச்சு மேடை இல்லாத பேச்சு

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். நேரே கிழக்கே நடந்தால் அரை மணியில் ஹைட் பார்க் கார்னர் போய்விடலாம். வடகிழக்கு மூலைக்குத் திரும்பினால், யார் வேண்டுமானாலும் நின்று பேசலாம் என்ற ஸ்பீக்கர்ஸ் கார்னர். கூடுதலாக நாற்பது நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டு இதை விடலாமா என்பேன். மற்ற நாட்களில் அங்கே ஒன்றும் இருக்காது.

பதினொன்று, பதினொன்றரைக்குப் போங்கள். மேடையோ மைக்கோ கிடையாது, ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. ஒருவர் அலுமினிய ஏணிப்படியைத் தூக்கிக்கொண்டு வருவார், விரிப்பார், ஏறுவார், ஆரம்பித்துவிடுவார். மதம், அரசியல், உலகம் எப்போது முடியப்போகிறது, எதுவாகவும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்கள் சும்மா கேட்பதில்லை, குறுக்கே குறுக்கே கேட்பார்கள். பேச்சாளரைவிடக் கேள்வி கேட்கிறவர் சுவாரசியமாக இருப்பதும் உண்டு. தெருமுனைக் கூட்டம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் இங்கே கொடி, தோரணம், பொன்னாடை எதுவும் இல்லை. 1860களில் வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர்கள் இந்தப் பூங்காவின் இரும்பு வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1872இல் பூங்காவில் பொதுக்கூட்டப் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

சட்டம் எல்லையற்ற சுதந்திரம் தரவில்லை. வெறுப்பைத் தூண்டினால் காவலர் தலையிடலாம். சில நாள் வாக்குவாதம் சூடாகும். குழந்தைகளோடு போனால் வெளி வட்டத்தில் நின்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அங்கிருந்து பூங்காவின் கிழக்கு ஓரமாகத் தெற்கே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நடந்தால் ஹைட் பார்க் கார்னர். நடக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மண் ஒரு காலத்தில் நாம் போகப்போகும் அபேயின் துறவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. 1536இல் எட்டாம் ஹென்றி இதை அவர்களிடமிருந்து எடுத்து மான் வேட்டைக் காடாக்கினார். நூறு வருடம் கழித்து, 1637இல், முதலாம் சார்லஸ் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆக, காலையிலிருந்து நாம் சுற்றிக்கொண்டிருப்பது ஒரு பழைய கோயில் நிலத்தில்தான்.

கிரீன் பார்க்: வேகமாக, ஒரே ஒரு இடத்தில் நின்று

சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து வெலிங்டன் வளைவுக்கு வாருங்கள். அதற்குப் பின்னால் கான்ஸ்டிட்யூஷன் ஹில் சாலை ஆரம்பிக்கும் இடத்தில், நான்கு வெள்ளைக் கல் தூண்கள் நிற்கும். வண்டியில் போகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டனுக்காகப் போரிட்ட இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்த ஐம்பது லட்சம் தொண்டர் வீரர்களின் நினைவுக்காக 2002இல் திறக்கப்பட்ட வாயில் இது. பக்கத்தில் சின்ன மண்டபம் ஒன்று, நம் ஊர்ப் பாணிக் குடைக்கூரையோடு. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரையின் உட்புறத்தில் வீர விருது பெற்றவர்களின் பெயர்கள் வட்டமாகப் பொறித்திருக்கும். நான் போனபோதெல்லாம் அங்கே வேறு யாரும் இல்லை.

கிரீன் பார்க்கில் பூப்பாத்தி கிடையாது. மரமும் புல்லும், வசந்தத்தில் டாஃபடில் மட்டும். இரண்டாம் சார்லஸ் இங்கே பூப் பறித்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்ததைக் கண்டுபிடித்த ராணி எல்லாச் செடிகளையும் பிடுங்கச் சொன்னதாக ஒரு கதை சொல்வார்கள். கதைதான். பச்சை வெள்ளைக் கோடு போட்ட சாய்வு நாற்காலிகள் கோடைக்காலத்தில் வரிசையாகக் கிடக்கும், கண்டதும் சாய்ந்துவிடாதீர்கள், அவை வாடகைக்கு. மர பெஞ்சு இலவசம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு சலுகை: கான்ஸ்டிட்யூஷன் ஹில்லிலும் மால் சாலையிலும் அன்று வாகனம் கிடையாது. சாலை நடுவிலேயே நடந்து அரண்மனை வாசலுக்குப் போகலாம். காவல் மாற்றும் அணிவகுப்பு முற்பகலிலேயே முடிந்திருக்கும். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஸ்பீக்கர்ஸ் கார்னரை விட்டுவிட்டுப் பத்தரைக்குள் இங்கே வந்துவிட வேண்டும், இரண்டும் நடக்காது. என்னைக் கேட்டால், முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே சிவப்புச் சட்டையைத் தேடுவதைவிட ஏணிப்படிப் பேச்சாளர் மேல்.

செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் மதியம்

பன்னிரண்டே முக்காலுக்கு இங்கே வந்துவிட்டால் சாப்பிடவும் உட்காரவும் நேரம் இருக்கும். பூங்காவுக்குள்ளேயே உணவகம் உண்டு. நான் வழியில் வாங்கிய சாண்ட்விச்சோடு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிடுவேன். ஒன்று கவனியுங்கள்: இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிறன்று காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்று சட்டம். காலை ஒன்பதுக்குச் சூப்பர்மார்க்கெட்டை நம்பாதீர்கள், சின்னக் கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பப் ஒன்றில் உட்கார்ந்து ஞாயிறு ரோஸ்ட் சாப்பிடும் ஆசை இருந்தால் இரவுக்கு வையுங்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணி ஆராதனையில் கண் விழித்திருப்பது கஷ்டம்.

இந்த நான்கு பூங்காக்களில் பழையது இதுதான். 1532இல் எட்டாம் ஹென்றி வாங்கியபோது இது சதுப்பு நிலம். முதலாம் ஜேம்ஸ் ஒட்டகம், முதலை, யானை எல்லாம் வைத்திருந்தார். தெற்கு ஓரச் சாலையின் பெயர் பேர்ட்கேஜ் வாக், அவருடைய பறவைக் கூண்டுகள் இருந்த இடம். 1664இல் ரஷ்யத் தூதர் இரண்டாம் சார்லஸுக்குக் கூழைக்கடாக்களைப் பரிசாகக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்த ஏரியில் கூழைக்கடா இல்லாத காலம் அரிது. வேடந்தாங்கலில் மரத்துக்கு மரம் எட்ட இருந்து பார்க்கும் பறவையின் உறவுக்காரன். இங்கே கையெட்டும் தூரத்தில் நடைபாதையில் உலாவும், சில சமயம் பெஞ்சில் ஏறி மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதில்தான் ஒரு சங்கடம். தினமும் பிற்பகல் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையே அவற்றுக்கு மீன் போடுவார்கள். ஈவன்சாங்குக்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டிய அதே நேரம். குழந்தைகளோடு வந்திருந்தால் மீன் போடுவதைப் பாருங்கள், காலையில் அபேயின் பாடல் திருவிருந்து ஆராதனைக்குப் போய்விட்டுப் பூங்காக்களை எதிர்த்திசையில் நடந்துகொள்ளலாம். பெரியவர்கள் மட்டும் என்றால் கூழைக்கடாவைப் பாறையில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். கழிப்பறைக்கு இங்கேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.

அபே: வரிசையிலிருந்து கடைசிச் சுரம் வரை

பேர்ட்கேஜ் வாக்கிலிருந்து பத்து நிமிட நடை. இரண்டேகாலுக்கு வரிசையில் நின்றால் நல்ல இடம் கிடைக்கும். எந்த வாசல் என்று குழம்ப வேண்டாம், வெளியே நிற்கும் பணியாளரிடம் ஈவன்சாங் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காத்திருக்கும் நேரத்தில் மேற்கு வாசலுக்கு மேலே பாருங்கள். பத்துச் சிலைகள், 1998இல் வைத்தவை. கட்டடம் பழையது, சிலைகளோ இருபதாம் நூற்றாண்டில் கொல்லப்பட்டவர்கள்: மார்ட்டின் லூதர் கிங், எல் சால்வடோரின் பேராயர் ரொமேரோ, ஜெர்மனியின் போதகர் பான்ஹோஃபர். இரட்டைக் கோபுரங்களும் மற்றதன் வயதல்ல, 1745இல்தான் முடிந்தன. எட்வர்ட் மன்னர் கட்டிய பழைய கோயிலைப் பிரதிஷ்டை செய்தது 1065 டிசம்பர் 28. அடுத்த வாரமே அவர் இறந்தார், அடுத்த கிறிஸ்துமஸுக்கு நார்மண்டியின் வில்லியம் இங்கே முடிசூடினார். 2023இல் மூன்றாம் சார்லஸ் வரை முடிசூட்டு விழாக்கள் இங்கேதான். இப்போது பார்க்கும் கட்டடத்தின் பெரும்பகுதி மூன்றாம் ஹென்றி 1245இல் தொடங்கியது.

உள்ளே போகும்போது தொப்பியைக் கழற்றுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். வேளாங்கண்ணிப் பழக்கத்தில் கை தானாகக் குனியும், இங்கே யாரும் கழற்றுவதில்லை. கைப்பேசியை அணைத்து உள்ளே வையுங்கள், ஆராதனை நேரத்தில் படமோ ஒலிப்பதிவோ கூடாது. அங்கி போட்ட பணியாளர் காட்டும் இடத்தில் உட்காருங்கள், முன்னால் வந்தவர்களுக்குப் பாடற்குழுவின் பக்கத்திலேயே இடம் கிடைப்பதுண்டு. நடுக்கூடத்தைக் கடந்து போனால், தரையில் சிவப்புப் பாப்பிப் பூக்கள் சூழ்ந்த கறுப்புப் பளிங்கைப் பார்ப்பீர்கள். பெயர் தெரியாத படைவீரனின் கல்லறை, 1920. கோயில் தரை முழுக்கக் கல்லறைதான், எல்லாவற்றின் மேலும் நடக்கலாம். இதன் மேல் மட்டும் யாரும் கால் வைப்பதில்லை, அரசரும்கூட.

அப்புறம் ஆராதனை. முக்கால் மணிதான். சி.எஸ்.ஐ. கோயிலில் வளர்ந்தவர்களுக்கு வரிசை முழுக்கத் தெரிந்ததாக இருக்கும்: சங்கீதம், வேதபாடம், மரியாளின் பாட்டு, இன்னொரு பாடம், சிமியோனின் பாட்டு, விசுவாசப் பிரமாணம், ஜெபங்கள். 1662ஆம் வருடத்து ஜெபப்புத்தகத்தின் மொழி. மற்றவர்களும் பயப்பட ஒன்றுமில்லை. கையில் தாள் கொடுப்பார்கள். எல்லாரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருங்கள். நம்பிக்கை இல்லாதவர் வாய் திறக்க வேண்டியதில்லை. திருவிருந்து இதில் கிடையாது, அதனால் முன்னால் போகலாமா கூடாதா என்ற தயக்கமும் வராது. காணிக்கை வாங்குவார்கள், போடுவது உங்கள் விருப்பம்.

முதலில் ஆர்கன் ஓயும். கருஞ்சிவப்பு அங்கியும் வெள்ளை மேலங்கியும் கழுத்தில் மடிப்புப் பட்டியுமாகச் சிறுவர்கள் இருவர் இருவராக வருவார்கள், பின்னால் பெரியவர்கள். இரண்டு பக்கமும் எதிரெதிரே நிற்பார்கள். சங்கீதம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வசனத்தை இந்தப் பக்கம் பாடும், அடுத்ததை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும்; எசப்பாட்டு மாதிரிதான், ஆனால் போட்டி இல்லாத எசப்பாட்டு. வசனத்தின் நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் விடுவார்கள். பாடியது முப்பது மீட்டர் உயரக் கல் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்து சேர்வதற்கான இடைவெளி அது. இசைத்தட்டில் எத்தனை முறை கேட்டிருந்தாலும் அந்த நிறுத்தம் எதற்கு என்று எனக்கு அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பாட்டு முடிந்ததும் கை தட்டாதீர்கள். கடைசியில் குழு வெளியேறிய பிறகு ஆர்கன் ஒரு தனி இசை வாசிக்கும். பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

நியூட்டனுக்கும் டார்வினுக்கும் நடுவே ஹாக்கிங்கின் சாம்பல் வைத்த இடம், முடிசூட்டு நாற்காலி, கவிஞர்களின் கல்லறைகள் இருக்கும் புலவர் மூலை இதையெல்லாம் ஞாயிறன்று தேடி அலைய விடமாட்டார்கள். அதற்கு இன்னொரு நாள் டிக்கெட் எடுத்து வர வேண்டும். வந்தால் நடுக்கூடத்தில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் நினைவுச் சின்னத்தை விட்டுவிடாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தளபதிக்கு வைத்தது. அடியில் முற்றுகையிடப்பட்ட ஒரு நகரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அது திருச்சிராப்பள்ளி.

வெளியே வரும்போது மணி நான்கு ஆகியிருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தில் பிக் பென் பார்க்க வந்த கூட்டம் நெரியும். வந்த வழியே பூங்காவுக்குத் திரும்பி, நீலப் பாலத்தின் மேல் கொஞ்சம் நின்றுவிட்டு, செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். பாலத்தின் ஒரு பக்கம் அரண்மனை, மறு பக்கம் ஹார்ஸ் கார்ட்ஸின் கூரைகள். டிசம்பர் என்றால் அந்நேரம் இருட்டத் தொடங்கியிருக்கும். ஜூன் என்றால் இன்னும் ஐந்து மணி நேரம் வெளிச்சம் பாக்கி. மீன் தின்று முடித்த கூழைக்கடாக்கள் பாறையில் அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.